லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டீர்களா? பனியன் கம்பெனிகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

திருப்பூரில் தைத்த பீஸைச் சரிபார்க்கிற செக்கிங்கில் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மெஷின் பழகி, வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கிற ஒரு லைனுக்கு சூப்பர்வைசராகி, கடைசியில் ஃப்ளோர் இன்சார்ஜாக இருந்தவள் நான். இப்போது புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. டீ குடிக்கும்போது தனியாக வந்து, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். உண்மையான கேள்வி அதுதான். ஊர் வேறு, கம்பெனி வேறு, ஆனால் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். அவர்கள் கேட்டபடியே கேள்வி, நான் சொல்கிறபடியே பதில்.

1. நேத்து வரைக்கும் பக்கத்து மெஷின்ல உட்கார்ந்து தைச்சேன். இன்னிக்கு நான் சூப்பர்வைசர். அக்கா, அண்ணான்னு கூப்பிட்டவங்களை எப்படி வேலை வாங்குறது?

அக்கா என்றே கூப்பிட்டு வேலை வாங்குங்கள். பதவி வந்த மறுநாளே 'வாங்க'விலிருந்து 'வா'வுக்கு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். லைன் அன்றைக்கே அவர்களைக் கைவிட்டுவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கை மாறிப் போக வேண்டிய துணிக் கட்டு, அதாவது பண்டில், மட்டும் மெதுவாக நகரும்.

மாற வேண்டியது வேறு. மேனேஜரைச் சேர்ந்து கிண்டல் பண்ணியது, ஆபீஸில் காதில் விழுந்ததை வந்து சொன்னது, நெருங்கிய தோழிக்கு மட்டும் சுலபமான ஆபரேஷன் (தையலில் ஒருவருக்குப் பிரித்துக் கொடுக்கிற பகுதி) கிடைக்கும்படி பார்த்துக்கொண்டது, இதெல்லாம் நிற்க வேண்டும். முதல் வாரமே நெருக்கமான இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகப் பார்த்து, "நம்ம பழக்கம் அப்படியேதான் இருக்கும். ஆனா லைன்ல உனக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு என்னால பண்ண முடியாது" என்று சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் இதைவிடப் பெரிய சங்கடம் வரும்.

2. சத்தம் போடாம வேலை நடக்குமா? எங்க பழைய சூப்பர்வைசர் கத்துவார், லைன் பறக்கும்.

பறந்திருக்கும், அவர் நிற்கிற பக்கம் மட்டும். மணிக்கு மணி உற்பத்தி எழுதுகிற போர்டை எடுத்துப் பாருங்கள். அவர் லைனில் நின்ற மணி நேரத்தையும் மீட்டிங்குக்குப் போன மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் அவர் கத்திய நாளுக்கு மறுநாள் செக்கிங்கிலிருந்து எத்தனை பீஸ் ஆல்ட்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பி வந்தது என்றும் பாருங்கள். பயத்தில் தைத்த பீஸ் எண்ணிக்கையில் ஏறும், தரத்தில் இறங்கும்.

இன்னொன்று, மெஷின் ஓடுகிற ஹாலில் குரலை உயர்த்தினால்தான் கேட்கும். அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்காகச் சத்தமாகப் பேசுவது வேறு, கூசுவதற்காகச் சத்தமாகப் பேசுவது வேறு. டெய்லருக்கு அந்த வித்தியாசம் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

3. என்னை விட நல்லா தைக்கிறவங்க என் லைன்லயே இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க?

எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள். புது ஸ்டைல் லைனில் ஏறும்போது, "அக்கா, இந்தக் கழுத்து ரிப் பட்டை எங்கே இழுக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், சாம்பிள் ரூமில் யாருக்கும் தோன்றாத ஒன்றை அவர் சொல்வார். உங்கள் வேலை அவரை விட நன்றாகத் தைப்பது இல்லை. அவருக்கு நூல், துணி, ஓடுகிற மெஷின், முன்னால் இருப்பவரிடமிருந்து வர வேண்டிய பண்டில் எல்லாம் நேரத்துக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வதுதான்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டினால்தான் மரியாதை போகும். நூல் டென்ஷன் சரியில்லாத மெஷினில் பத்து நிமிடம் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற சூப்பர்வைசரைப் பார்த்து லைனே உள்ளுக்குள் சிரிக்கும்.

4. தப்பு பண்ணினா எல்லார் முன்னாடியும் சொன்னாத்தானே மத்தவங்களுக்கும் புத்தி வரும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன்.

ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டி, அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியிருந்த பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி, உலோகத் துண்டைக் காட்டிக்கொடுக்கிற டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். நான் சூப்பர்வைசர் ஆன புதிதில் எங்களுக்குக் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டாவது ஊசி உடைந்தது. "மெஷின் ஓட்டுறியா, மாட்டு வண்டி ஓட்டுறியா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் என் லைனில் ஊசியே உடையவில்லை. ரிஜிஸ்டர் வெள்ளையாக இருந்தது. அதற்கு அப்புறம் பேக்கிங்குக்கு முன்னால் டிடெக்டர் கத்தியது. ஒரு சின்னச் சட்டையின் பக்கத் தையலுக்குள் ஊசி முனை இருந்தது. ஊசி உடையாமல் இல்லை. உடைந்தபோதெல்லாம் வெளியிலிருந்து ஊசி வாங்கி வைத்துக்கொண்டு தாங்களே மாற்றியிருக்கிறார்கள். பெட்டி கட்டியது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஓட்டினோம். அந்தப் பெண்ணை மேனேஜர் திட்டினார். திட்ட வேண்டிய ஆள் நான்.

அதனால் என் பதில்: தவறை அந்த ஆளிடம், மெஷின் பக்கத்தில் குனிந்து, அடுத்த மெஷினுக்குக் கேட்காத குரலில் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயமாக இருந்தால், மறுநாள் காலையில் பெயர் இல்லாமல், "இந்த ஸ்டைல்ல பக்கத் தையல் தடிமனா இருக்கு, ஊசி உடையுது, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்று சொல்லுங்கள். புத்தி வர அது போதும். பெயர் சொன்னால் வருவது பயம்.

5. என்கிட்ட யாரும் எந்தப் பிரச்சினையும் கொண்டு வர்றதில்லை. அப்போ லைன் நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்?

மேலே சொன்ன வெள்ளை ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

1990களில் அமெரிக்காவில் எமி எட்மண்ட்சன் என்கிற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கிற தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை இருக்கிற குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் தொழிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. டொயோட்டா கார் கம்பெனி தறிக் கம்பெனியிலிருந்து முளைத்தது. சாகிச்சி டொயோடாவின் 1924ஆம் வருடத்துத் தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பழுதான துணி நெய்துகொண்டே போகாது. அந்த யோசனையைத்தான் பிறகு கார் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். லைனில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் ஏதாவது கோளாறு பார்த்தால் மேலே தொங்குகிற கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவரை முறைத்துப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். உங்கள் லைனில் ஒருவர் கையைத் தூக்கினால் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். எனக்குப் புருவம் ஏறும் என்று டெய்லருக்கு உதவியாக இருக்கிற ஒரு கைமடிப் பெண்தான் சொன்னாள்.

6. பாராட்டினா தலைக்கு ஏறிடும்னு சொல்றாங்களே?

எனக்குத் தெரிந்து யாருக்கும் ஏறியதில்லை. ஆனால் "சூப்பர், சூப்பர்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனால் அது ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிடும். என்ன நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். "அந்த ஸ்லீவ்ல நாட்ச், அந்த வெட்டுக் குறி, விட்டுப் போனதைப் பார்த்து நிறுத்தினீங்களே, இல்லாட்டி முந்நூறு பீஸ் போயிருக்கும்." முடிந்தால் மேனேஜர் காதிலும் பெயரோடு போடுங்கள். திட்டுக்குத்தான் பெயர் வேண்டாம் என்றேன், இதற்கு வேண்டும்.

7. டார்கெட் மேலே இருந்து வருது. முடியாதுன்னு எனக்கே தெரியும். முடியாதுன்னு சொன்னா 'உன்னால முடியலைன்னா வேற ஆளைப் பாக்கறேன்'ங்கறாங்க.

'முடியாது' என்று மட்டும் போய் நிற்காதீர்கள். காகிதத்தோடு போங்கள். 30 டெய்லர், 8 மணி நேரம், ஒரு டீ ஷர்ட்டுக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 30 பேருக்கு 480 நிமிடம் வீதம் 14,400 நிமிடம். ஆறால் வகுத்தால் 2,400 பீஸ். யாரும் தண்ணீர் குடிக்க எழுந்திருக்காமல், நூல் அறாமல், பண்டில் தாமதமாகாமல் ஓடினால் வருகிற கணக்கு இது. போன மாதம் உங்கள் லைன் பாதித் திறனில் ஓடியிருந்தால் உண்மை 1,200. மேலே கேட்பது 1,500 என்றால், "1,200 வரும். கழுத்து ரிப் வைக்கிற இடத்துல தேங்குது. அங்கே ஒரு மெஷினும் ஒரு ஆளும் கூடுதலாக் கொடுத்தா 1,350 வரை பாக்கலாம்" என்று சொல்லுங்கள். கோபப்படுவார்கள்தான். ஆனால் எண்ணோடு வாதாடுவது கொஞ்சம் கஷ்டம்.

எப்போது சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். காலை பத்து மணிக்குச் சொன்னால் அது தகவல். மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் அது சாக்கு. ஷிப்மெண்டுக்கு நான்கு நாள் முன்பே தெரிந்தால் மேனேஜர் வேறு லைனைத் திருப்பலாம். கடைசி நாளில் தெரிந்தால் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும், ஆர்டரின் லாபமும் அதோடு சேர்ந்து பறக்கும். ஐந்தாவது பதிலில் டெய்லருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். நீங்களும் கயிற்றை இழுக்க வேண்டிய ஆள்தான்.

அப்புறம், மேலே வாங்கிய திட்டை அப்படியே கீழே இறக்காதீர்கள். ஆபீஸில் பத்து நிமிடம் நின்று கேட்டதை லைனில் பத்து நிமிடம் திருப்பிக் கொட்டினால் மொத்தம் முப்பது பேருடைய பத்து நிமிடம் போகும். அது ஐம்பது பீஸ்.

8. பாத்ரூம் போறேன்னு பதினஞ்சு நிமிஷம் ஆக்குறாங்க. டோக்கன் போடலாமா?

வேண்டாம். ஹாலில் எத்தனை பெண்கள், கழிவறை எத்தனை, தண்ணீர் வருகிறதா என்று முதலில் நீங்களே போய்ப் பாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். டோக்கன் போட்ட இடங்களில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் தலைவலி, அதற்கு மேல் நீர்க்கடுப்பு, அப்புறம் லீவு.

9. நோம்பி, காது குத்து, கெடா வெட்டுன்னு லீவு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எப்படிச் சமாளிக்கறது?

மாதத் தொடக்கத்தில் ஒரு காலண்டரை லைன் ஓரத்தில் மாட்டி, வரப்போகிற விசேஷங்களை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பி ஒரு நேரம், மதுரை, தேனி பக்கத்து ஆட்களுக்குத் திருவிழா வேறு நேரம். முன்கூட்டியே தெரிந்தால் மாற்று ஆளைப் பழக்கலாம். திடீர் லீவில் முக்கால்வாசி உண்மையில் திடீர் இல்லை. கேட்டால் கிடைக்காது என்று நினைத்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் போவதுதான்.

கொடுக்க முடியாதபோது காரணத்தைச் சொல்லி, அடுத்து எப்போது கொடுக்க முடியும் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். குறித்த நாளை மறக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால் "என்ன உடம்புக்கு?" என்று துருவாதீர்கள், முக்கியமாக ஆண் சூப்பர்வைசர்கள்.

10. ஒன்றரை ஷிப்ட் பார்க்க மாட்டேங்கறாங்க. கட்டாயப்படுத்தலாமா?

கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. அதைக் கொடுக்காத இடத்தில் "ஏன் நிற்க மாட்டேங்கறாங்க?" என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. அது சூப்பர்வைசர் தீர்க்கிற பிரச்சினை இல்லை, முதலாளி தீர்க்க வேண்டியது.

உங்கள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து "இன்னிக்கு எட்டரை வரைக்கும்" என்று சொல்லாமல் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்வது. பள்ளியிலிருந்து வருகிற பிள்ளையைப் பார்க்க யாரையாவது ஏற்பாடு பண்ண வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும். இரண்டு, எப்போதும் சரி என்று சொல்கிற அதே ஆறு பேரையே நிறுத்தாமல் சுற்றில் விடுவது. இல்லை என்று சொன்னவருக்கு மறுநாள் மோசமான ஆபரேஷனைக் கொடுத்துப் பழிவாங்குகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. எல்லோருக்கும் அது புரியும். நீங்கள் மட்டும் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

11. என் லைன்ல பாதிப் பேர் பீகார், ஒடிசா. நான் சொல்றது புரியுதா இல்லையான்னே தெரியலை. தலையை மட்டும் ஆட்டுறாங்க.

தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை, கேட்டது என்றுதான் அர்த்தம். ஒரு பீஸைத் தைத்துக் காட்டி, ஒரு பீஸைத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று, இரண்டையும் மெஷின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அதற்கு மொழி தேவையில்லை. இருபது இந்தி வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, சிரித்துத் திருத்துவார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கையைத் தூக்கிக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

'ஏய் இந்தி' என்று கூப்பிடாதீர்கள். பெயர் இருக்கிறது. மொழிபெயர்க்க ஒரே ஒரு பையனை மட்டும் நம்பவும் வேண்டாம். அவர்கள் நடுவில் அவன் குட்டி முதலாளி ஆகிவிடுவான். அவர்களைக் கூட்டி வந்த கான்ட்ராக்டரின் ஆளாக இருந்தால் இன்னும் மோசம். எந்தக் குறையும் அவனைத் தாண்டி உங்களிடம் வராது.

12. என் சொந்தக்காரங்க ரெண்டு பேர் என் லைன்லயே இருக்காங்க. நான் நியாயமாத்தான் நடந்துக்கறேன், ஆனா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

நம்ப மாட்டார்கள்தான். நீங்கள் அவர்கள் இடத்தில் இருந்தால் நம்புவீர்களா? முடிந்தால் அந்த இருவரையும் வேறு லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் ஆபரேஷன் பங்கீடு, லீவு, கூடுதல் நேரம் மூன்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி போர்டில் எழுதிவிடுங்கள். சொந்தக்காரர்களிடம் மட்டும் கூடுதலாகக் கண்டிப்பு காட்டி நியாயத்தை நிரூபிக்கிறவர்களும் உண்டு. அதுவும் அநியாயம்தான்.

சொந்தம் என்றதும் ஊர், சாதி எல்லாம் சேர்ந்து வரும். யார் எந்த ஊர் என்று கேட்கிற சாக்கில் சாதியைத் தோண்டுகிற பேச்சு உங்கள் லைனில் நடந்தால் நிறுத்துங்கள். நீங்கள் சும்மா நின்றால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

13. ஒரு டெய்லர், கை தங்கம். ஆனா வாய் சாக்கடை. பக்கத்துல யாரும் நிலைக்க மாட்டேங்கறாங்க. போனா ப்ரொடக்‌ஷன் போயிடும். என்ன பண்றது?

அவர் கொடுக்கிற பீஸை எண்ணுகிறீர்கள். அவரால் வேலையை விட்டுப் போனவர்களையும் எண்ணுங்கள். ஒரு புது ஆள் வந்து, பழகி, வேகம் பிடிப்பதற்குள் போகிற நாட்கள் எல்லாம் அந்தத் தங்கக் கையின் கணக்கில்தான் எழுத வேண்டும். அப்படி எழுதிப் பார்த்த பிறகு தங்கம் கொஞ்சம் பித்தளையாகத் தெரியும்.

அவரிடம் பேசும்போது "நீங்க கொஞ்சம் தன்மையா இருங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணை இந்த வார்த்தை சொன்னீங்க. அதுக்கப்புறம் அவ வரலை. இந்த வார்த்தை இந்த லைன்ல இனிமே வேண்டாம்" என்று நாள், வார்த்தை, விளைவு மூன்றையும் சொல்லுங்கள். நான்காவது பதிலில் சொன்னபடி தனியாக. மறுபடி நடந்தால் எழுத்தில், மேனேஜருக்குத் தெரிந்து. சிலர் மாறுவார்கள். ஒருவர் என்னிடம், "பதினஞ்சு வருஷமா யாரும் இதைத் தப்புன்னு சொன்னதே இல்லை" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

14. நான் தப்பான எண்ணத்துல தொடலை. தையல் காட்டும்போது கை படுது. அதுக்குக்கூடப் புகார் கொடுப்பாங்களா?

கொடுக்கலாம். உங்கள் எண்ணம் உங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரிவது உங்கள் கை. சட்டமும் அது விரும்பத்தகாததா என்றுதான் பார்க்கிறது. வழி ரொம்ப எளிது. உட்கார்ந்திருக்கிற பெண்ணின் பின்னால் நின்று தோளுக்கு மேலே கையை நீட்டிக் காட்டாதீர்கள். "கொஞ்சம் எழுந்திருங்கம்மா" என்று சொல்லி, நீங்கள் உட்கார்ந்து தைத்துக் காட்டிவிட்டு எழுந்து வாருங்கள். இதைச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அதனால் பழைய ஆட்கள் செய்ததைப் பார்த்துப் புதியவர்களும் செய்கிறார்கள்.

வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லை பற்றி 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் கொடுத்த நெறிமுறைகள்தான் 2013இல் சட்டமாக வந்தன. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். உங்கள் கம்பெனிக் குழுவில் யார் யார் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புகார் உங்களிடம் வந்தால் "பேசி முடிச்சிடலாம்" என்று நடுவில் உட்காராதீர்கள். அது உங்கள் வேலை இல்லை.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். வழக்கில் சிக்கியவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அதற்கு அப்புறம்தான், 2022இல், தொழிற்சங்கமும் நிறுவனமும் சில வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்து போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. லைனிலேயே தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களாகப் பழக்கினார்கள். நம்மைப் போன்ற ஒரு சூப்பர்வைசரின் மேல் வந்த பேச்சு அது என்பதை நான் மறப்பதில்லை.

15. முதலாளி என்னைத் தாண்டி நேரா டெய்லர்கிட்டயே பேசி வேலையை மாத்திடறார்.

திருப்பூரில் முதலாளிகள் பலர் தாங்களே மெஷின் ஓட்டி மேலே வந்தவர்கள். லைனைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெய்லர் முன்னால் மறுத்தும் பேச வேண்டாம். அன்றைக்கே தனியாகப் போய், "நீங்க சொன்னபடி மாத்திட்டோம். ஆனா அதுல அடுத்த ஆபரேஷன் ஒரு மணி நேரம் காத்திருந்தது. அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா சேர்த்து மாத்திடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். டெய்லர்களிடமும், யார் வந்து மாற்றச் சொன்னாலும் மாற்றிவிட்டு உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி வையுங்கள்.

16. வேலை நிலைமையைச் சரிபார்க்க ஆடிட் வரும்போது 'எட்டு மணி நேரம்தான் வேலை'ன்னு டெய்லர்களைச் சொல்ல வைக்கச் சொல்லி எனக்கு ஆர்டர். மேலே சொன்னதைத்தானே நான் செய்யறேன்?

வேலையை விட்டுவிடுங்கள் என்று வீரமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டு வாடகை எனக்கும் தெரியும். ஆனால் 'நான் சொல்லித் தர மாட்டேன்' என்று மறுக்கிற இடம் ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. "சார், என் வாயால அவங்ககிட்ட இதைச் சொன்னா நாளைக்கு ஊசி உடைஞ்சாலும் என்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாங்க" என்று ஒரு சூப்பர்வைசர் தன் மேனேஜரிடம் சொன்னார். திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. முப்பது பேருக்குப் பொய் சொல்லப் பழக்கிவிட்டு, அவர்கள் உங்களிடம் மட்டும் உண்மை பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆடிட்டர்களும் முட்டாள்கள் இல்லை. பத்துப் பேர் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரிச் சொன்னால் அவர்களுக்குப் புரியாதா?

ஒரு விஷயத்தில் மட்டும் நெளிவு சுளிவுக்கு இடமே இல்லை. பூட்டிய அவசர வழி, புகைகிற ஒயர், சுவரில் விரிசல். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தில் டாக்கா பக்கத்துச் சாவரில் ராணா பிளாசா என்கிற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. அங்கிருந்த வங்கி தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதே கட்டடத்தில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். தயங்கியவர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்ற மிரட்டல். கட்டடம் விழுந்து 1,134 பேர் செத்தார்கள். உள்ளே போகச் சொன்ன குரல்களில் நம் மாதிரி சூப்பர்வைசர், மேனேஜர்களின் குரலும் இருந்தது. அவர்களும் மேலே சொன்னதைத்தான் சொன்னார்கள்.

17. எனக்கு இந்த வேலை ஒத்து வரலைன்னு தோணுது. திரும்ப மெஷினுக்கே போனா கேவலமா?

இல்லை. பீஸ் ரேட்டில் ஓடுகிற நல்ல டெய்லர் சூப்பர்வைசரை விட அதிகம் சம்பாதிக்கிற வாரங்கள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் முடிவை ஷிப்மெண்ட் வாரத்தில் எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒரு ஸ்டைல் முதலிலிருந்து கடைசி வரை ஓடி முடியட்டும். அதற்கு அப்புறமும் அப்படியே தோன்றினால் சொல்லிவிட்டுப் போகலாம்.

என் வகுப்புக்கு வந்த ஒருவர் ஆறு மாதத்தில் ஃபிளாட்லாக் மெஷினுக்கே திரும்பிவிட்டார். அவருடைய லைனுக்கு வந்த புது சூப்பர்வைசர், எந்த ஸ்டைல் ஏறினாலும் முதலில் அவரிடம்தான் போய் நிற்கிறாராம். "இப்பத்தான் அக்கா நான் சொல்றதை எல்லாரும் கேக்கறாங்க" என்று போன பொங்கலுக்குப் போன் பண்ணிச் சிரித்தார்.